வாசக்கால் குழம்பு

திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பூட்டு. நல்லாம்பட்டி, பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அரம் தேய்க்கும் சத்தம் கேட்ட காலம் உண்டு. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் கதவுக்கென்று கை வலிக்கும் எடையில் ஒரு பூட்டு, சாவி கையில் இருந்தாலும் சூட்சுமம் தெரியாதவனுக்குத் திறக்காத பூட்டு. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கி, பட்டறைகள் பெரும்பாலும் ஓய்ந்த பிறகு, 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மூரில் மரியாதை அந்த வரிசையில்தான் வரும். அதை விடுங்கள். இத்தனை மூளையும் இரண்டு கால் திருடனை மட்டும் மனதில் வைத்துச் செலவானது. கதவைத் திறக்காமல் கதவையே கொண்டுபோகிறவன் ஒருவன் எல்லா வீட்டிலும் வாடகையில்லாமல் குடியிருந்தான். அவனுக்கென்று எங்கள் ஊரில் யாரும் பூட்டு செய்யவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் அப்பத்தா வீட்டு உள்ளறைக்கு அப்படியொரு நல்லாம்பட்டிப் பூட்டு தொங்கியது. உள்ளே குதிரும், பித்தளைப் பாத்திரங்களும், பத்திரங்கள் வைத்த இரும்புப் பெட்டியும். சாவி அப்பத்தாவின் இடுப்பில். ஒருநாள் சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. பூட்டு செய்தவரையே கூட்டி வந்தார்கள். அவர் பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இதை உடைக்க முடியாது. உடைக்கிற மாதிரி நான் செய்யல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் வேறு வேலையாக வந்திருந்த ஆசாரி, பேச்சு முடியட்டும் என்று நிலையில் கையை ஊன்றினார். நாதாங்கி, கொண்டி, பூட்டு மூன்றும் ஒன்றையொன்று விடாமல், ஒரு முழம் நிலையோடு அவர் கையில் வந்தன. மரம் டீயில் நனைத்த ரஸ்க்காக இருந்தது. வெளியே பச்சைப் பெயிண்ட் மட்டும் வீறாப்பாக நின்றது. பூட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. பூட்டு தோற்கவில்லையே என்பது அவர் கட்சி.

கரையான் வேலை பார்க்கும் விதம் அப்படி. அதன் உடம்புத் தோல் மெல்லியது, வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்துவிடும். அதனால் மண்ணுக்குள்ளிருந்து ஈரத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு, எச்சிலும் மண்ணும் குழைத்துத் தனக்கென்று ஒரு மூடிய பாதை போட்டுக்கொண்டுதான் நடமாடும். மரத்துக்குள் போனால் மேல்தோலை விட்டுவிடும். அது மரியாதைக்காக இல்லை, கூரைக்காக. இரும்பைத் தின்னாது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். தின்னாதுதான். ஆனால் இரும்பின் மேலேயே மண்பாதை பூசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

பூட்டிய கதவுக்கும் கரையானுக்கும் உள்ள கணக்கு இன்று நேற்றையது இல்லை. தேவாரம் கிடைத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் கோயிலில், தேவாரம் பாடிய மூவரின் கைமுத்திரை வைத்துப் பூட்டிய அறை. மூவரே வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தீட்சிதர்கள். ஏடு தேடி வந்த அரசன் மூவரின் திருமேனிகளையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். திறந்தால் ஏடுகளின் மேல் புற்று. எண்ணெய் விட்டுக் கரைத்து எடுத்தால் மிஞ்சியது கொஞ்சம். இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மீதியை நாமே அரிக்கவிட்டோம் என்று அசரீரி சொன்னதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. உலகத்திலேயே கரையானைப் பதிப்பாசிரியர் வேலையில் வைத்த இலக்கிய மரபு நம்முடையதாகத்தான் இருக்கும். இந்தக் காலத்தில் அந்த மாதிரிச் சமாதானம் சொல்ல ஆளில்லை. 2011-ல் உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் பெட்டகத்தில் ஏறக்குறைய 1 கோடி ரூபாய் நோட்டுகளைக் கரையான் தின்றது. விசாரணை வைத்தார்கள். அசரீரி எதுவும் கேட்கவில்லை.

நிலையைக் கையில் பிடித்த ஆசாரிக்கு வருகிறேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. உடைந்த இடத்தை விரலால் கீறிப் பார்த்துவிட்டு, "வெள்ளை இருக்கிற மரத்தை நிலைக்கு எவன் வச்சது?" என்றார். மரத்தின் நடுவில் இருக்கும் கருத்த பகுதி வைரம். சுற்றி இருக்கும் இளம் பகுதி வெள்ளை. வெள்ளையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும், அதுதான் பூச்சிகளுக்குப் பந்தி. வைரத்தில் மரம் தனக்காகச் சேர்த்த கசப்பும் எண்ணெயும் இருக்கும். தேக்கு, வேங்கை எல்லாம் நின்றது அதனால்தான். அவர் மரக்கடைக்குப் போனால் பாதி நாள் போகும். தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், கடைக்காரரோடு சண்டை போடுவார், கடைசியில் டீ வாங்கிக் கொடுப்பார். பனைச் சட்டத்தையும் மூங்கிலையும் வெட்டியவுடன் கூரைக்கு ஏற்ற விடமாட்டார். கண்மாயில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார். நாற்றம் தாங்காது. தேய்பிறையில் வெட்டினால்தான் உளுக்காது என்பதும் அவர் சட்டம். நிலாவைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஊறல் மட்டும் உண்மையிலேயே வேலை செய்யும். மாவுச்சத்து தண்ணீரில் கரைந்தும் புளித்தும் போய்விட்டால், உளு வண்டுக்கு அந்த மூங்கிலில் தின்ன ஒன்றுமில்லை.

அப்படி ஊறப்போடாத மூங்கில் ஒன்றிரண்டு எங்கள் மாட்டுக் கொட்டகையில் இருந்தன. ராத்திரி அமைதியில் கறுக் கறுக் என்று சத்தம் வரும். காலையில் தரையில் சலித்தெடுத்த மாவு. அப்பத்தா அதைக் கூட்டி அள்ளிவிட்டு, "மேல ஒரு அரவை மில்லு ஓடுது" என்பாள். புகார் மாதிரியே தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். மழை பெய்து இடி இடித்த மறுநாள் விடியற்காலையில் சிறுமலை அடிவாரத்துக் காடுகளிலும், எங்கள் கொல்லைப் புற்றிலும் காளான் பூக்கும். வேரை இழுத்தால் மண்ணுக்குள் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வேர் எங்கே முடிகிறது என்பதுதான் கதை. நம் சமவெளியில் புற்றுக் கட்டும் கரையானுக்கு மரத்தைத் தானாக முழுசாகச் செரிக்கத் தெரியாது. தின்ற மரத்தைப் பாதி செரித்த கழிவாக்கி, புற்றுக்குள் தேனடை மாதிரி அடுக்கி, அதன் மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கும். பூஞ்சை மரத்தின் கடினமான பகுதியை உடைத்துக் கொடுக்கும். பழைய அடையைக் கரையான் மறுபடியும் தின்னும். மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சை தலைநீட்டினால் புற்றுக்காளான். நிலத்தடியில் ஒரு விவசாயம், களை எடுப்பதும் உண்டு. இதை முதன்முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மருத்துவராக இருந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக். 1779-ல் அவர் கட்டுரை ஜெர்மன் மொழியில் அச்சானது.

ஆக, கரையான் எங்கள் வாசக்காலைத் தின்று பூஞ்சைக்குக் கொடுத்தது. பூஞ்சை காளானானது. காளானை அப்பத்தா மிளகும் சின்ன வெங்காயமும் வதக்கிக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டு நிலையில் ஒரு பங்கை நாங்களே சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறோம், இரண்டாவது தடவை கேட்டும் வாங்கியிருக்கிறோம்.

ஈசல் அடுத்த பந்தி. கரையானில் சிறகு முளைத்துக் கிளம்புகிற ராஜகுமாரர்களும் ராஜகுமாரிகளும்தான் ஈசல். மாலையில் மழை விட்டதும் புற்று வாயில் விளக்கை வைத்து, பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் வந்து விழும். காயவைத்து, சிறகைப் புடைத்து, அரிசியோடு வறுத்தால் கைப்பிடி கைப்பிடியாகப் போகும். ஏழைத் தீனி என்று இன்று முகம் சுளிக்கிறவர்கள் புறநானூற்றைப் பார்க்கலாம். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், செம்புற்றின் ஈசலைப் புளித்த மோரோடு சமைக்கும் உணவை அந்த நாட்டின் வளமாகத்தான் சொல்கிறார். பறம்பு வேறெங்கும் இல்லை, நத்தத்துக்குக் கிழக்கே இருக்கும் பிரான்மலைதான். இப்போது என் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒருவன் வாந்தி எடுப்பதுபோல் நடிக்கிறான். அவனே புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றை மாதாமாதம் வாங்குகிறான்.

கரையானை வாழவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. கொல்லவும் செய்தோம், கண்மூடித்தனமாகக் கொன்றோம். கெமக்ஸின் பவுடர் என்று உரக்கடையில் விற்கும், பி.எச்.சி. என்பது அதன் வேதிப்பெயரின் சுருக்கம். நிலைக்கு அடியில் தூவுவோம், எறும்புக்குத் தூவுவோம், குதிரைச் சுற்றித் தூவுவோம். தலையில் பேன் வந்தால் தேய்த்துவிட்ட வீடுகளும் உண்டு. அந்த மட்கிய நெடி எனக்கு இன்னும் பள்ளி விடுமுறையின் வாசனை. 1997 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அதற்கு இந்தியாவில் தடை. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ ரசிகர். ஆல்ட்ரின், குளோர்டேன் என்று கரையானுக்காகவே மண்ணில் ஊற்றிய மற்ற விஷங்களும் தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாக வெளியேறின. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குவதுதான் அவற்றின் சிறப்பு என்று விற்றார்கள், அதே காரணத்துக்காகத்தான் தடை செய்தார்கள்.

இப்போது என் தம்பி கரூர் சாலையில் வீடு கட்டியிருக்கிறான். அந்த வீட்டில் மரம் என்று சொல்லத் தக்கது பூஜையறை மணைப்பலகையும் அவன் மனைவியின் பூரிக்கட்டையும்தான். வாசலில் இரும்புக் கதவு. அதன் மேல் தேக்கின் ரேகையை அச்சடித்திருக்கிறார்கள், நடுவில் ஒரு கணுவைக் கூட விடவில்லை. நிலை வைக்கும் நாளுக்கு நல்ல நேரம் பார்த்தார்கள். மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானிய முடிச்சு, வெற்றிலை பாக்கு எல்லாம் முறைப்படி. ஆசாரிக்கு வேட்டி துண்டு. பழைய ஆசாரியின் மகன் வந்து, உளி வைக்க இடமில்லாமல், இரும்பு நிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். மீதி வேலையை வெல்டிங் தம்பி முடித்தார். அவருக்கு வேட்டி கிடையாது.

மரமே இல்லாத வீட்டுக்குக் கரையான் மருந்து எதற்கு என்று கேட்டேன். "எல்லாரும் அடிக்கிறாங்கண்ணே" என்றான். அஸ்திவாரம் போடும்போதே அடிக்க வேண்டியது, மறந்துவிட்டார்கள். பிறகு ஆள் வந்து இந்தியத் தர நிர்ணயம் 6313-ன்படி செய்தார்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் விட்டம், அதற்குள் மருந்து, மேலே வெள்ளைச் சிமெண்ட். துளை போடுகிற பூச்சி வந்துவிடக் கூடாது என்று வீடு முழுக்கத் துளை போட்டுவிட்டார்கள். வேலை முடிந்ததும் உத்தரவாதச் சீட்டு கொடுத்தார்கள். லேமினேட் செய்து கொடுத்தார்கள். காகிதத்தைப் பற்றி அவர்களுக்கே நம்பிக்கையில்லை.

உள்ளே அலமாரி, சமையலறைத் தட்டு, டிவிக்குப் பின்னால் ஒரு சுவர், எல்லாம் மரைன் பிளைவுட். கப்பலுக்கும் படகுக்கும் ஏற்ற தரம். ஆத்தூர் அணை வற்றினால் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிற ஊரில், கடலைக் கல்விச் சுற்றுலாவில் மட்டும் பார்த்த மக்கள், தண்ணீரில் கிடந்தாலும் கெடாத பலகையை வீடு நிறைய வாங்கி வைத்திருக்கிறோம். இரண்டு வருஷத்தில் டிவிக்குக் கீழே மாவு கொட்டியது. எனக்கு அப்பத்தாவின் அரவை மில் ஞாபகம் வந்தது, தம்பிக்கு லேமினேட் சீட்டு. போன் செய்தான். வந்த பையன் மாவைத் தொட்டுப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னான்: "சார், இது டெர்மைட் இல்லை. போரர். கேரண்டி டெர்மைட்டுக்கு மட்டும்தான்."

பையன் சொன்னது சரி. பலகைக்கு முகப்பு எந்த மரமாக இருந்தாலும், உள்ளே வைக்கிற கட்டையும் சட்டமும் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்த இளமரம். ரப்பர் மரம், மாமரம், பிஞ்சிலேயே வெட்டிய தைலமரம். அந்தக் கால ஆசாரி பார்த்தால் முழுக்க வெள்ளை என்று எழுந்து போய்விடுவார். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து ஏராளம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைத்தால் வண்டு வராது. அதாவது பழைய கண்மாய் ஊறலுக்கு ஒரு தொழிற்சாலை வடிவம். அதைச் செய்யாமலே செய்ததாக முத்திரை குத்துவது அதைவிடச் சுலபம். பூச்சிகளின் பக்கமிருந்து பார்த்தால், வரலாற்றில் இவ்வளவு மென்மையான மரத்தை மனிதன் இவ்வளவு விலை கொடுத்து வாங்கி அவற்றுக்கு முன்னால் வைத்ததில்லை.

கரப்பானுக்குத் தனி ஒப்பந்தம். சமையலறையில் ஜெல் வைப்பது ஒரு ரேட், கரையானுக்கு வேறு ரேட். 2007-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பூச்சியியலாளர்கள், கரையான் எறும்புக்குச் சொந்தமில்லை, கரப்பான் குடும்பத்தில் கூட்டமாக வாழக் கற்றுக்கொண்ட ஒரு கிளைதான் என்று நிறுவினார்கள். ஒரே குடும்பத்துக்குத் தம்பி இரண்டு பில் கட்டுகிறான் என்று விளக்கினேன். அவன் அதை ரசிக்கவில்லை.

அந்தத் தெருமுனையில் ஒரு புற்று இருந்தது. சாலையை அகலப்படுத்தியவர்கள் அதை மட்டும் தொடவில்லை, யாருக்கும் துணிவில்லை. இப்போது அதற்குக் கிரானைட் தளம், தகரக் கூரை, உண்டியல். செவ்வாய் வெள்ளியில் பாலும் முட்டையும். மேலே மழை விழாமல், சுற்றி மண் தெரியாமல், கட்டியவை காலி செய்துவிட்டுப் போய்விட்டன. பக்கத்து வீடுகளுக்குத்தான் போயிருக்க வேண்டும். உண்டியலுக்கு நல்ல பூட்டு போட்டிருக்கிறார்கள்.

வீட்டை விட்டு வெளியே வந்தாலும் துளைப்பவை விடுவதில்லை. நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் தண்டுத் துளைப்பான். அடிமரத்தில் மரத்தூள் கொட்டினால் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுத்து, மண்ணெண்ணெய்ப் பஞ்சை அடைத்து, களிமண்ணால் பூசுவார்கள். இது மாறவேயில்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் கஷ்டம். தென்னைக்குத்தான் கதை நீளம். அய்யம்பாளையத்துப் பக்கம் என் மாமாவுக்குத் தென்னந்தோப்பு. தென்னையைத் தாவரவியல்காரர்கள் மரமென்றே ஒப்புக்கொள்வதில்லை. கூன்வண்டு அவர்களைக் கேட்பதில்லை. முதலில் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும், விரிகிற ஓலை முக்கோணமாக வெட்டுப்பட்டு வரும். அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். வெளியே ஒரு சின்ன ஓட்டை, பழுப்பாகக் கொஞ்சம் கசிவு. கொண்டை சாயும்போதுதான் உரிமையாளருக்குச் செய்தி போகும்.

இந்த வண்டைப் பிடிக்க வேளாண் துறையினர் சொல்லும் வழிகளில் ஒன்று, பானையில் கள்ளும் ஈஸ்டும் பிளந்த பச்சை மட்டையும் போட்டுத் தோப்பில் வைப்பது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. தென்னையை வளர்த்தவன் குடித்தால் வழக்கு, தென்னையைக் கொன்றவனுக்குப் பானையில் ஊற்றிவைக்கச் சிபாரிசு. இந்த அநியாயத்தை மாமா சாகுபடிக் கூட்டங்களில் எழுந்து நின்று பலமுறை கேட்டிருக்கிறார். பதில் வந்ததில்லை, கைதட்டல் வந்திருக்கிறது.

மாமாவின் பெருமை வேறு. அவர் மரத்தில் காதை வைத்தே சொல்லிவிடுவார். கண்ணை மூடி, கன்னத்தைத் தண்டில் ஒட்டி, மூச்சை அடக்கி நிற்பார். உள்ளே புழு மெல்லும் சத்தம் அவருக்குக் கேட்கும். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் வைத்தியரைக் கூப்பிடுகிற மாதிரி வந்து கூப்பிடுவார்கள்.

தெற்காசியக்காரனான இந்தக் கூன்வண்டு 1980-களின் நடுவில் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆட்களும் அந்த வருஷங்களில்தான் சாரை சாரையாகப் போனார்கள். வண்டுக்கு விசா கேட்கவில்லை. அங்கே பேரீச்சையைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஸ்பெயின், இத்தாலி வரை போய்விட்டது. அந்த நாடுகளில் மரத்தில் ஒலியுணர்வுக் கருவி பொருத்திப் புழுவின் சத்தத்தைப் பதிவு செய்கிறார்கள், ஒளியிழையைத் தண்டில் சுற்றி அதிர்வைப் பிடிக்கிறார்கள், மோப்ப நாய்க்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சவூதியில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமாவின் பேரன் போன தீபாவளிக்கு வந்தபோது அந்தக் கருவியின் வீடியோவைக் காட்டினான். விலையையும் சொன்னான்.

மாமாவுக்கு இப்போது காதில் மெஷின். வீடியோவை முழுக்கப் பார்த்தார். எழுந்து போய் வாசல் தென்னையில் பழைய மாதிரியே கன்னத்தை ஒட்டினார். தண்டு பட்டதும் மெஷின் கீச்சென்று கத்தியது. நகர்த்தி வைத்தார், மறுபடியும் கத்தியது.

"இருக்கா தாத்தா?" என்றான் பேரன்.

"இருக்குடா" என்றார். "மரத்துலயா மெஷின்லயான்னுதான் தெரியல."